ஓட்டை விட்டால்தான் சுவர் நிற்கும்!

2024 டிசம்பர் 2, விடியற்காலை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, உள்மாவட்டங்களின் மேல் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்தார்கள்.

ராசிபுரம் வட்டத்தில் போதமலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு தோட்டத்து வீட்டிலும் அன்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. ஈரமான மூட்டையைக் கீழே போட்டதுபோல 'தொப்'பென்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், பொடக்காலியில் இருந்த 40 அடி நீளச் சுவரில் பாதியைக் காணவில்லை. கட்டுத்தரையின் கூரை மடிந்து கிடந்தது. பசுமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வாசலில் நின்றது. மூன்று மாதக் கன்றுக்குட்டி மட்டும் மண்ணுக்கடியில்.

கட்டுத்தரையை ஒட்டிய தாவாரத்தில்தான் அந்த வீட்டு ஆத்தாவின் கயிற்றுக்கட்டில் கிடக்கும். 78 வயது. மாட்டுக்குப் பக்கத்தில் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பார். முந்தின நாள் தாவாரம் ஒழுகியதால் மருமகள் வற்புறுத்தி வீட்டுக்குள் படுக்க வைத்திருந்தார். விடிந்து பார்த்தபோது கட்டிலின் மேல் இடுப்பளவு செம்மண் கிடந்தது.

அன்றைக்கு முழுக்க மருமகள் யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் பால் சொசைட்டி கணக்கு எழுதும் நோட்டை எடுத்து, பின்பக்கம் திருப்பி, மேலே 'சுவர்' என்று எழுதினார். அதற்குக் கீழே எழுத அவருக்கு அப்போது எதுவும் தெரியவில்லை.

அப்பா போட்ட கல்கட்டு

இரண்டரை ஏக்கர் தோட்டம். மரவள்ளி, சின்ன வெங்காயம், மாட்டுக்குச் சோளத்தட்டு, வரப்போரம் 20 தென்னை. மலைப் பக்கமிருந்து நிலம் படிப்படியாக இறங்குகிறது. மேல் படி அண்ணன் பங்கு, கீழ்ப் படி தம்பி பங்கு. இரண்டுக்கும் நடுவே 5 அடி இறக்கம். அந்த இறக்கத்தை ஒட்டித்தான் தம்பியின் வீடும் கட்டுத்தரையும் இருக்கின்றன.

அண்ணன் தம்பிகளின் அப்பா உயிரோடு இருந்த காலத்தில், அந்த இறக்கத்தில் சிமென்ட் இல்லாத கல்கட்டு ஒன்று இருந்தது. கிணறு வெட்டியபோது வந்த கல்லை அவரே அடுக்கியது. அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும், மேட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போலவும் இருக்கும். மழை பெய்தால் கல் இடுக்கெல்லாம் தண்ணீர் கசியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு கல் உருளும், எடுத்து வைப்பார். அப்படியே 40 வருடம் நின்றது.

2018-ல் வீட்டை எடுத்துக் கட்டியபோது, பின்பக்கம் அசிங்கமாக இருக்கிறது, கல் இடுக்கில் பாம்பு வருகிறது என்று கல்கட்டைப் பிரித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 6 அங்குல ஹாலோ பிளாக் சுவர் எழுந்தது. இரண்டு பக்கமும் பூச்சு, மேலே வெள்ளை. செலவு 42,000 ரூபாய். பூச்சு வேலை நடக்கும்போதே ஆத்தா கேட்டாராம்.

"ஏன்டா, கல்லுக்குள்ள தண்ணி போச்சு. இதுல எங்கடா போகும்?"

"அதெல்லாம் சிமென்ட்டு ஆத்தா. தண்ணியே வராது" என்று மகன் சொல்லிவிட்டார். மேஸ்திரியும் தலையை ஆட்டினார். ஆறு வருடம் சுவர் நின்றது. கடைசி இரண்டு வருடம் நடுப்பகுதி லேசாக வயிறு தள்ளியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பூச்சுதான் உப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுவரைத் தள்ளியது எது?

மருமகளின் தாய்மாமன் ஒருவர் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். துக்கம் விசாரிப்பதுபோல ஒரு நாள் வந்தார். இடிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ஏற்காடு ரோட்டுல போறப்ப பாத்திருக்கியா கண்ணு? மலைச்சுவர்ல வரிசையா ஓட்டை இருக்கும்."

"பாத்திருக்கேனுங்க மாமா. எதுக்குன்னு தெரியாதுங்க."

"அந்த ஓட்டையிலதான் அந்தச் சுவரோட உசிரே இருக்குது."

மேஸ்திரிகள் அதை வீப் ஹோல் என்பார்கள். சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியே வருவதற்கான ஓட்டை. மண் காய்ந்திருக்கும்போது பெரும்பகுதி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கும். நனைந்தால் எடை கூடும், பிடிப்பும் போகும். அதோடு தண்ணீர் தேங்கிவிட்டால், அது தனியாகச் சுவரைத் தள்ளும். 5 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தின் மேலும் சுமார் 350 கிலோ பாரம் பக்கவாட்டில் அழுத்தும். 40 அடி நீளத்துக்குக் கணக்குப் போட்டால் 14 டன்! சுவருக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் தண்ணீர் நின்றாலும் அழுத்தம் இதேதான். ஏனென்றால் தண்ணீரின் அழுத்தத்துக்கு உயரம்தான் கணக்கு. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் பாரம் நான்கு மடங்காகும். 5 அடிக்குத் தாங்கிய கட்டுமானத்தை அப்படியே 10 அடிக்கு ஏற்றக் கூடாது என்பது இதனால்தான்.

சுற்றுச்சுவர் வேறு, தாங்கு சுவர் வேறு. சுற்றுச்சுவருக்கு இரண்டு பக்கமும் காற்றுதான். தாங்கு சுவருக்கு ஒரு பக்கம் முழுக்க மண்ணும் தண்ணீரும். முதலாவதைக் கட்டும் முறையில் இரண்டாவதைக் கட்டியதுதான் 2018-ல் நடந்த தப்பு.

அந்தப் பெரியவர் இன்னொன்றையும் நினைவுபடுத்தினார். சரியாக ஐந்து வருடத்துக்கு முன், 2019-ல் அதே டிசம்பர் 2 விடியற்காலையில், மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று மழையில் இடிந்து, பக்கத்தில் இருந்த ஆதிதிராவிடர் குடியிருப்பு வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அந்தச் செய்தியை மருமகளும் டி.வி.யில் பார்த்து அழுதவர்தான். ஆனால், தன் பொடக்காலிச் சுவரை அதோடு சேர்த்து அவர் யோசித்ததே இல்லை.

"சுவர் யாரோடதா வேணா இருக்கட்டும் கண்ணு. விழுகிறது கீழ இருக்கிறவங்க மேலதான்" என்றார் பெரியவர். நோட்டில் எழுதப்பட்ட முதல் வரி அதுதான்.

மூன்று மேஸ்திரி, மூன்று விலை

தை மாதம் வரைக்கும் அவர் விலை விசாரித்தார். முதல் மேஸ்திரி, அதே ஹாலோ பிளாக்கில் 9 அங்குலச் சுவர், நடுநடுவே பில்லர், 75,000 ரூபாய் என்றார். இரண்டாமவர் முழுக்கக் கம்பி கட்டி கான்கிரீட் சுவர், 2,60,000 ரூபாய் என்றார். மூன்றாமவர் கருங்கல் கட்டுமானம், 'மொத்தமா ஒன்றரை லட்சம் குடுத்துடுங்க அக்கா' என்றார்.

மூவரிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "பின்னால வர்ற தண்ணிக்கு என்ன வழிங்க?"

முதலாமவர், தண்ணீர் வராதபடி பூசிவிடலாம் என்றார். இரண்டாமவர், கம்பி போட்ட சுவருக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்றார். மூன்றாமவர், "ஓட்டை விடோணுங்க அக்கா. பின்னால ஜல்லி கொட்டோணும். அதுக்குத் தனியா ஆகும்" என்றார். வேலை அவருக்குத்தான் போனது. ஆனால் மொத்தக் கான்ட்ராக்ட் இல்லை. பொருள் வீட்டுக்காரர் வாங்கித் தருவது, ஆட்களுக்கு நாள் கூலி என்று பேசிக்கொண்டார்கள். பின்னால் மண்ணில் மறையப்போகும் வேலையை மொத்தக் கான்ட்ராக்ட்டில் விட்டால், ஜல்லி முழுசாக விழுந்ததா என்று யாருக்குத் தெரியும்?

கான்கிரீட் சுவர் கெட்டதல்ல. இடம் குறுகலாக இருந்தால் அதுதான் வழி. ஆனால் அதற்குப் பொறியாளர் போட்ட கம்பி வரைபடம் வேண்டும். கல்லும் கல் வேலை தெரிந்த ஆளும் பக்கத்திலேயே கிடைக்கிற ஊரில், 5 அடி உயரத்துக்குக் கருங்கல்லே போதும் என்று முடிவானது.

அரை சென்ட் கூட வராத இடம்

இதற்குள் பெரியவர் இன்னொரு சிக்கலைச் சொல்லியிருந்தார். மேல் படியில், இறக்கத்தின் விளிம்பை ஒட்டியே அண்ணனுடைய பாசன வாய்க்கால் ஓடுகிறது. கிணற்று முறை வரும் நாளெல்லாம் அதில் தண்ணீர் பாய்கிறது. மழை இல்லாத மாதத்திலும் சுவருக்குப் பின்னால் மண் காயாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். "வாய்க்காலைத் தள்ளி வெக்காம எந்தச் சுவர் கட்டினாலும் வீண்" என்று முடித்துவிட்டார்.

அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்று 9 வருடம். கிணற்று மோட்டார் முறையில் வந்த சண்டை. சுவர் விழுந்த அன்று அண்ணன் மண்வெட்டியோடு ஓடி வந்து கன்றுக்குட்டியைத் தோண்டி எடுத்தார். கட்டிலைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார்.

தம்பி போய்க் கேட்கமாட்டார் என்பது தெரிந்த கதை. மருமகள்தான் நோட்டோடு மேலே ஏறினார். அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வாய்க்காலை விளிம்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், நடுவில் மழைத் தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிட ஒரு கால்வாய் வேண்டும் என்பதைச் சொன்னார்.

"அஞ்சடி இடம் விடச் சொல்றியா அம்மணி?"

"விட வேண்டாமுங்க மாமா. இடம் உங்களுதுதான். தண்ணி மட்டும் அதுல நிக்காம இருக்கோணும்."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். 5 அடி அகலம், 40 அடி நீளம், 200 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அரை சென்ட் கூட வரவில்லை. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆத்தா இப்ப எங்க படுக்குது?" என்றார்.

"வூட்டுக்குள்ளதானுங்க. ஆனா கட்டுத்தரை கட்டினதும் அங்கதான் போவேன்னு சொல்றாங்க."

அடுத்த வாரமே அண்ணன் தன் செலவில் 2 மணி நேரம் ஜே.சி.பி. வைத்து வாய்க்காலை 10 அடி தள்ளிப்போட்டார். விளிம்புக்கு 5 அடி மேலே ஒரு அடி ஆழக் கால்வாய் எடுத்து, தண்ணீரைத் தோட்டத்து ஓரப் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டார். ஆனாலும் மருமகள் அதோடு விடவில்லை. புலப்பட வரைபடம் எடுத்து, எல்லைக்கல் பார்த்து, சுவர் முழுக்கத் தங்கள் எல்லைக்குள், கால்வாய் இடம் அண்ணனுடையது, தூர் வாருவது இருவர் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள். "நாம நல்லா இருப்போம். நாளைக்குப் பசங்க காலத்துல சண்டை வரக் கூடாதுங்க மாமா" என்றார். பொடக்காலியில் 4 அடி அகலம் குறைந்தது. அதை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

நோட்டுக் கணக்கு

அளவு முதலில், விலை பிறகு. இதுதான் பெரியவர் சொல்லிக்கொடுத்த முறை. சுவர் நீளம் 40 அடி, தரைக்கு மேல் உயரம் 5 அடி. மேல் அகலம் ஒன்றரை அடி, அடி அகலம் 3 அடி. அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் கீழே போகக் கூடாது. அஸ்திவாரம் 2 அடி ஆழம், மூன்றரை அடி அகலம். அதன் அடியில் அரை அடிக்கு 40 மி.மீ. ஜல்லி கான்கிரீட். இப்படிப் பார்த்தால் கல் கட்டுமானம் 660 கன அடி, கான்கிரீட் 70 கன அடி. அடுக்கும்போது இடைவெளியும் உடைசலும் போவதால், 660 கன அடிக் கட்டுமானத்துக்கு 800 கன அடி, அதாவது 8 யூனிட் கல் வேண்டும். அப்பாவின் பழைய கல்கட்டுக் கல் மூலையில் 2 யூனிட் கிடந்தது. 6 யூனிட் வாங்கினால் போதும்.

2025 மாசி மாதம் அவர்கள் ஊரில் சொன்ன விலைக்குப் போட்ட கணக்கு இது. ஊருக்கு ஊர் விலை மாறும். அளவை வைத்துக்கொண்டு அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம்.

ஜே.சி.பி. 5 மணி நேரம் × ரூ.1,200 = ரூ.6,000
கருங்கல் 6 யூனிட் × ரூ.3,500 = ரூ.21,000
சிமென்ட் 44 மூட்டை × ரூ.370 = ரூ.16,280
எம்-சாண்ட் 3 யூனிட் × ரூ.6,000 = ரூ.18,000
40 மி.மீ. ஜல்லி இரண்டரை யூனிட் × ரூ.4,500 = ரூ.11,250
கிராவல் 4 யூனிட் × ரூ.2,000 = ரூ.8,000
3 அங்குலக் குழாய், வலை = ரூ.2,000
கொத்தனார் 18 நாள் × ரூ.1,000 = ரூ.18,000
சித்தாள் 34 நாள் × ரூ.600 = ரூ.20,400
டீ, வடை, சில்லறை = ரூ.3,000
மொத்தம் = ரூ.1,23,930

இதோடு பத்தில் ஒரு பங்கு, 12,400 ரூபாய் கைக்காவல். மண்ணைத் தோண்டும் வேலையில் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கைக்காவல் இல்லாமல் தொடங்கினால், பணம் தீரும் இடத்தில் வேலை நின்றுவிடும். வெட்டிய மேடு மூடாமல் நிற்கும்போது மழை வந்தால், பழைய கதைதான்.

ஆக, 1,36,000 ரூபாய்க்கு மேல் தேவை. நகையை அடகு வைக்கக் கூடாது என்பதில் மருமகள் உறுதியாக இருந்தார். மகள் ராசிபுரத்தில் பிளஸ் டூ படிக்கிறாள். அடுத்த வருடம் கல்லூரிக்கு அந்த நகைதான் துணை. அதனால் சீட்டுப் பணம் 50,000, நான்கு வெள்ளாடு விற்று 36,000, மரவள்ளி வெட்டியதில் 35,000, பால் பணத்தில் சேர்த்தது 15,000 என்று பிரித்துக்கொண்டார். மரவள்ளிப் பணம் பங்குனியில் வந்தது. அதற்கு முன்பே மண் அள்ளி, கல்லை இறக்கி வைத்தார்கள்.

வேலை நடந்த விதம்

மேட்டை ஒரே நாளில் 40 அடிக்கும் வெட்டவில்லை. 10 அடி, 10 அடியாக நான்கு பாகம். முதல் பாகமும் மூன்றாம் பாகமும் கட்டி எழுந்த பிறகுதான் இரண்டையும் நான்கையும் வெட்டினார்கள். செங்குத்தாக வெட்டிய மண்ணுக்குக் கீழே குனிந்து வேலை செய்யும் ஆள்மேல் மண் சரிந்தால் காப்பாற்ற நேரம் இருக்காது. வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பில் குவிக்கவும் மேஸ்திரி விடவில்லை.

இரண்டாம் பாகத்தில் ஒன்றரை அடியிலேயே பாறை தட்டியது. உடைக்க ஜே.சி.பி. 2 மணி நேரம் கூடுதல். கொத்தனார் 2 நாள், சித்தாள் 4 நாள், சிமென்ட் 3 மூட்டையும் கூடின.

கல்லை முகத்துக்கு மட்டும் அழகாக வைத்து, நடுவில் சில்லியைக் கொட்டி நிரப்புவது சில இடங்களில் வழக்கம். அப்படிக் கட்டினால் சுவர் இரண்டு தோலாகப் பிரியும். இங்கே 5 அடிக்கு ஒரு இடத்தில், சுவரின் அகலம் முழுக்கப் பாயும் நீளக் கல்லை வைத்துக் கட்டினார்கள். சுவரின் முகம் மேலே போகப் போக மேட்டுப் பக்கம் 5 அங்குலம் சாய்ந்திருக்கும்படி நூல் பிடித்தார்கள். அப்பாவின் கல்கட்டும் அப்படித்தான் சாய்ந்திருந்தது.

ஓட்டைக்கு 3 அங்குலக் குழாய். கீழ் வரிசை தரைக்கு அரை அடி மேலே 8 குழாய். அதற்கு 2 அடி மேலே, இடைவெளிகளுக்கு நடுவில் வருகிற மாதிரி 7 குழாய். வாய் வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். உள்வாயில் வலை கட்டி, பின்னால் ஒரு அடி அகலத்துக்கு 40 மி.மீ. ஜல்லியைக் கீழிருந்து மேல்வரை நிரப்பினார்கள். ஜல்லிக்குப் பின்னால் கிராவல். மேல் ஓர் அடிக்கு மட்டும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க, தோட்டத்து மண்ணைக் கெட்டியாகப் போட்டார்கள்.

கட்டி முடித்ததும் மண் தள்ள மேஸ்திரி அவசரப்பட்டார். மருமகள் விடவில்லை. 10 நாள் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் காட்டி, மேலும் ஒரு வாரம் பொறுத்து, பிறகுதான் கிராவல். அதையும் முக்கால் அடி, முக்கால் அடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திம்சுக் கட்டையால் இடித்தார்கள். ஜே.சி.பி.யை விளிம்புக்குப் பக்கத்திலேயே விடவில்லை.

வெட்டிய இடத்தில் நல்ல சரளை 2 யூனிட் கிடைத்ததால், கிராவலில் 4,000 ரூபாய் மிச்சம். கூடியது, குறைந்தது எல்லாம் சேர்த்து முடிந்த செலவு ரூ.1,27,840. கைக்காவலில் 3,910 ரூபாய்தான் கரைந்தது. மிச்சம் கட்டுத்தரைக் கூரைக்குப் போனது. 2018-ல் போட்ட 42,000 ரூபாயையும், கன்றுக்குட்டியையும், கூரையையும் சேர்த்தால், முதல் சுவர்தான் விலை கூடிய சுவர் என்று நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

பார்க்க வருகிறவர்கள் கேட்பது

வைகாசியில் வேலை முடிந்ததிலிருந்து, பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

'இவ்வளவு பணம் இல்லீங்க. பாதி உயரம் கட்டலாமா?' 5 அடியை ஒரே சுவராகக் கட்டாமல், இரண்டரை அடியில் இரண்டு படியாகக் கட்டலாம். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 5 அடி இடம் விட வேண்டும். ஒட்டிக் கட்டினால் மேல் சுவரின் பாரமும் கீழ்ச் சுவரின் மேல்தான் இறங்கும். கல் செலவு குறையும், நிலம் கொஞ்சம் போகும். நடுப்படியில் தீவனப்புல் போடலாம்.

'சிமென்ட் இல்லாம அடுக்கினா நிக்குமா?' மூன்று, நான்கு அடி வரைக்கும், நல்ல கல்லும் அடுக்கத் தெரிந்த ஆளும் இருந்தால் நிற்கும். அடி அகலமும் சாய்வும் அவசியம். பக்கத்தில் ஆளோ மாடோ படுக்கும் இடம் இருக்கக் கூடாது.

'எங்களுது கரிசல் மண்ணுங்க.' கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். அதைச் சுவருக்குப் பின்னால் நிரப்பவே கூடாது. அஸ்திவார ஆழமும் இந்தக் கணக்குக்கு வராது. பொறியாளரைக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சுவர் 6 அடிக்கு மேல் போனாலும், மேலே வீடு, தண்ணீர்த் தொட்டி, வண்டிப் பாதை இருந்தாலும் அப்படியே.

'ஏற்கெனவே ஓட்டை இல்லாத சுவர் இருக்குது. இப்பப் போடலாமா?' சுவர் நேராக, விரிசல் இல்லாமல் இருந்தால், கோடையில் மண் காய்ந்திருக்கும்போது, மெஷின் வைத்து அடிப்பகுதியில் ஒவ்வொன்றாகத் துளைக்கலாம். வயிறு தள்ளியோ சாய்ந்தோ இருந்தால் சுத்தியல் படவே கூடாது. முதலில் அதன் அடியில் இருக்கும் கட்டிலையும் கட்டுத்தரையையும் நகர்த்த வேண்டும். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

'மேல மரம் வெக்கலாமுங்களா?' வெட்டிவேர் வைக்கலாம். வேர் ஆழமாக நேராக இறங்கி மண்ணைப் பிடிக்கும். வேம்பு, புளி போன்ற பெரிய மரங்கள் சுவரை ஒட்டி வேண்டாம்.

மேல் நிலத்தில் வரப்பு, வாய்க்கால் வேலை இருப்பவர்கள், வேளாண்மைப் பொறியியல் துறையில் நிலச் சீரமைப்புக்கு மண் வெட்டும் இயந்திரம் குறைந்த வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். உழவன் செயலியிலும் பதியலாம்.

ஐப்பசி மழை

2025 ஐப்பசியில் முதல் பெரிய மழை ராத்திரியில் வந்தது. தம்பி டார்ச்சோடு பொடக்காலிக்குப் போனார். கீழ் வரிசையில் 8 குழாயில் 6-ல் தண்ணீர் விரல் தடிமனுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டில் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும், ஒன்றில் சேறு கக்கித் தண்ணீர் வந்தது. ஒழுகிய தண்ணீர் சுவருக்கு முன்னால் போட்ட சின்ன வாய்க்காலில் ஓடித் தென்னைக்குப் போனது.

சத்தம் கேட்டு நிமிர்ந்தால், மேலே விளிம்பில் இன்னொரு டார்ச் வெளிச்சம். அண்ணன், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கால்வாயில் அடைத்திருந்த மரவள்ளிக் குச்சிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கீழ தண்ணி வருதா?" என்று மேலிருந்து கேட்டார்.

"வருதுங்கண்ணா. ஒண்ணு மட்டும் அடைச்சிருக்குது."

"காலையில பாத்துக்கலாம். நீ உள்ள போ."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு இருவரும் பேசிய பேச்சு அவ்வளவுதான். கிணற்று முறை இன்னும் தீரவில்லை. அது வேறு கணக்கு. ஆத்தா இப்போது கட்டுத்தரைப் பக்கம்தான் படுக்கிறார். ஆனால் கட்டில் சுவரிலிருந்து 10 அடி தள்ளிக் கிடக்கிறது. அந்த விஷயத்தில் மட்டும் மருமகள் யார் பேச்சையும் கேட்கவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், வருடா வருடம் செய்ய வேண்டியதை எழுதி வைத்திருக்கிறார். ஆடியில் மேல் கால்வாய் தூர் எடுப்பது. புரட்டாசியில் 15 குழாயிலும் கம்பி விட்டுப் பார்ப்பது. மழைக்குப் பிறகு சுவரில் நூல் பிடித்து, வயிறு தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பது.